கரையில நிண்ட நாலு பொம்மை

மகன்,

காலைல இருந்து உனக்குப் போன் எடுத்து எடுத்து எனக்கு அலுத்துப்போச்சு. நீ எடுக்கிறாய் இல்ல. மறுகா தர்ஷினிக்கு எடுத்தா, உன்ட பொஞ்சாதி பேசுறதுக்குப் பதிலா அழுறாள். சரி, எழுதுறன். எழுதிப் படம் பிடிச்சு அனுப்பினா நீ திறந்து பார்க்காம இருக்க மாட்டாய். என்ட எழுத்து கோழி கிளறின மாதிரி எண்டு சின்னனில இருந்தே சிரிக்கிற பிள்ளைதானே நீ, இண்டைக்கும் சிரிச்சிட்டு வாசி. ஆனா கடைசி வரைக்கும் வாசி. இடையில விட்டிட்டு எழும்பாத. மழை இன்னும் விடல்ல. குசினிக்குள்ள பலகையைப் போட்டு இருந்து எழுதுறன். வாவித் தண்ணி பின்வாசல் படிக்கு வந்துட்டுது. நண்டெல்லாம் வீட்டுக்குள்ள ஏறி வருது, விளக்குமாறால தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருக்கிறன்.

தர்ஷினி எல்லாத்தையும் சொல்லிப்போட்டாள். அவளோட கோவிக்காத, அவளுக்குப் பயம். இண்டைக்குப் பொழுது படுற நேரம் நீயும் அவள்ட தம்பிமாரும் வயல் வட்டைப் பொடியளும் மண்வெட்டியோட முகத்துவாரத்துக்குப் போறியளாம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில அடைச்சுக்கொண்டு கிடக்கிற மணல்திட்டை வெட்டி, தண்ணியைக் கடலுக்கு விடப் போறியளாம். நாளைக்குக் காலைல கூட்டம் இருக்கு. வயல்காரரும் மீன்பிடிக்காரரும் ஒண்டா இருந்து கதைச்சு, எப்ப வெட்டுறது எண்டு முடிவெடுக்கிற கூட்டம். அது வரைக்கும் பொறுக்க ஏலாதாம் உங்களுக்கு. புத்தி சொன்னா நீ கேட்க மாட்டாய் எண்டு எனக்குத் தெரியும், உன்ட அப்பாவுக்குப் பிறந்த பிள்ளைதானே. அதால நான் உன்ட கேமைப் பற்றிக் கதைக்கப் போறன். சிரிக்காத. அம்மாவுக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு நினைச்சாலும் பரவாயில்ல.

மோட்டச்சைக்கிளால விழுந்து கால் முறிஞ்சு, கட்டோட இஞ்ச வந்து கிடந்தாயே, அதைச் சொல்றன். எங்கட பக்கத்து வழக்கம், பொம்பிளப் பிள்ளைக்கு வீட்டைக் குடுக்கிறது, ஆம்பிளப் பிள்ளையைப் பொஞ்சாதி வீட்டோட சேர்த்துக் குடுத்துவிடுறது. நீ கலியாணம் முடிச்சு பாலத்துக்கு அங்கால வவுணதீவுக்குப் போன பிறகு, இந்த வீட்டில உன்ட சத்தம் இல்லாமக் கிடந்தது. கால் முறிஞ்சது கவலைதான், ஆனா பிள்ளை கொஞ்ச நாள் நம்மளோட கிடக்கப் போகுது எண்டு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம் எனக்கு. அப்பிடி ஒரு தாய். நீ கட்டில்ல கொம்பியூட்டரை வைச்சுக்கொண்டு விளையாடுவாய். நான் கீழ இருந்து இறால் உரிப்பன். முதல்ல நான் அதைப் பார்க்கவே இல்ல. பேயும் பிசாசும், தலையில தீ எரியிற குதிரையும், என்ன கண்றாவி எண்டு நினைச்சன். மறுகா அந்தக் கொம்பு வைச்ச கிழவன் வந்தார். ஆட்டுக்கொம்பு மாதிரி ரெண்டு கொம்பு, நரைச்ச தாடி, கையில எந்த நேரமும் ஒரு அகப்பை. நீங்க படை கட்டிக்கொண்டு போற இடமெல்லாம் அவர்தான் சமையல். கேம்ல உன்ட ஆள் சண்டை பிடிச்சு ரத்தம் வடிய வந்தா, "முதல்ல சாப்பிடு, பிறகு சாகலாம்" எண்டு சொல்லுவாராம். நீ இங்கிலீசைத் தமிழ்ல சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு அடங்காது. கொம்பர் எண்டு பேர் வைச்சது நான்தான். "கொம்பர் இண்டைக்கு என்ன ஆக்கினவர்?" எண்டு நான் கேட்கிறதும், நீ அவர்ட சட்டிக்குள்ள எட்டிப் பார்த்துச் சொல்றதும். அப்பா எங்களைப் பார்த்து, "தாயும் மகனும் ஒரே விசர்" எண்டு சொல்லிட்டுப் போவார்.

அந்தக் கேம் முழுக்க உன்னட்டக் கேட்டுக்கொண்டே இருக்கும். இவனை மன்னிக்கிறாயா, வெட்டுறாயா. இந்தப் பாதையா, அந்தப் பாதையா. நீ யோசிச்சு யோசிச்சு அமத்துவாய். சில நேரம் என்னட்டயும் கேட்பாய், நான் எப்பவும் மன்னிக்கச் சொல்லுவன், நீ வெட்டுவாய். எல்லாம் போய் முடியிற இடம் ஒரு மலை. மலைக்கு மேல கறுத்த ஏரி, அதைத் தடுத்து நிக்கிற இரும்புக் கதவு. ஏரி பொங்கி மேல இருக்கிற ஊரை மூடுது. அங்க உன்ட ஆள்ட தங்கச்சி இருக்கிறாள். கதவைத் திறந்தா தண்ணி கீழ போய் நாணல் காட்டுக்குள்ள இருக்கிற ஊரை அடிச்சுக்கொண்டு போகும். அதுதான் கொம்பர்ட ஊர். நீ கதவைத் திறந்தாய். நான் அப்ப கிணத்தடியில நிண்டன். நீ குழறின குழறலில கால்தான் மறுகா முறிஞ்சிட்டுதாக்கும் எண்டு, கையெல்லாம் மீன் செதிலோட ஓடி வந்தன். கலியாணம் முடிச்ச ஆம்பிளை, குழந்தைப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுறாய். "அம்மா, கொம்பர் அம்மா. அகப்பையை வைச்சிட்டு, சட்டியை மூடிட்டு, கீழ இறங்கிப் போயிட்டார்" எண்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது, உண்மையைச் சொல்றன். சிரிச்சிட்டு வெளியில வந்து இறாலைக் கையில எடுத்தன், எனக்கும் கண்ணால தண்ணி ஓடுது. சட்டியை ஏன் மூடினார், மகன்? ஆர் வந்து சாப்பிட எண்டு மூடினார்? அண்டைக்குப் பின்னேரம் அப்பா வந்து விசயத்தைக் கேட்டிட்டு, "இஞ்ச நாங்க பார்த்த சாவு போதாதெண்டு, இவன் பெட்டிக்குள்ள இருக்கிற சாவுக்கும் அழுறான்" எண்டார். நான் அவரை ஏசிப்போட்டன்.

மறுகாதான் உனக்குக் கோவம் வந்தது. திரும்பத் திரும்பக் கடைசி இடத்தை விளையாடினாய். கதவைத் திறக்காம விட்டாய், தங்கச்சி செத்தாள். நீயே ஏரிக்குள்ள பாய்ஞ்சாய், நீயும் செத்தாய், கதவும் பிறகு உடைஞ்சுதாம். "இவ்வளவு நாளும் என்னைக் கேட்டுக் கேட்டு விளையாட்டுக் காட்டிட்டு, கடைசியில எல்லாம் ஒண்டுதான்! ஏமாத்திப்போட்டாங்கள்!" எண்டு கத்தினாய். ஆரெண்டும் தெரியாத ஊர்ப் பொடியளோட போன்ல எழுதி எழுதிச் சண்டை பிடிச்சாய். சோறு ஆறிக் காய்ஞ்சு கிடந்தது. அப்பதான் அங்க ஒருத்தன் உனக்கு எழுதினான், ஞாபகம் இருக்கோ, நாணல் ஊருக்குள்ள முதலே போய் வந்தவனுக்குக் கடைசியில இன்னொரு வழி வரும் எண்டு. எனக்கு நல்ல ஞாபகம் அந்த இடம். முக்காடு போட்ட ஒரு பொம்பிளை பாதை நெடுக நிண்டு, "எங்கட ஊருக்கு ஒருக்கா வந்திட்டுப் போ" எண்டு உன்னைக் கூப்பிட்டவள். "போயன்டா, பாவம், கூப்பிடுறாள்" எண்டு நானும் சொன்னன். "அது சும்மா நேரம் வீணாக்கிற வேலை அம்மா, அங்க ஒண்டும் கிடைக்காது" எண்டு நீ குதிரையை விட்டிட்டுப் போயிட்டாய்.

பிறகு நீ முதல்ல இருந்து விளையாடி, அந்த ஊருக்குப் போனாய். என்ன இருந்தது அங்க? ஒண்டும் இல்ல. நாணல்ல பாய் இழைக்கிற ஆக்கள், ஒரு கிழவி உனக்கு மீன் சுட்டுத் தந்தாள், ஒரு பிள்ளை உன்ட வாளைத் தொட்டுப் பார்த்துது. அவ்வளவுதான். கடைசியில கதவடியில நிண்ட நேரம் புதுசா ஒரு கேள்வி வந்தது, முதல்ல கீழ போய்ச் சொல்லட்டோ எண்டு. ஓம் எண்டு அமத்தினாய். நானும் இறாலை விட்டிட்டு உனக்குப் பக்கத்தில வந்து இருந்தன். நீ கீழ போய்ச் சொன்னாய், மேல வந்து கதவைத் திறந்தாய், தண்ணி போய் நாணல் ஊரை அப்பிடியே மூடிட்டுது. அதே தண்ணி, அதே சத்தம். ஆனா கரையில கொம்பர் நிண்டார். அவருக்குப் பக்கத்தில அந்தக் கிழவி, அந்தப் பிள்ளை, முக்காட்டுக்காரி. மூட்டை முடிச்சோட, குளிர்ல நடுங்கிக்கொண்டு. நான் கையெடுத்துக் கும்பிட்டன். நீ என்னெண்டா கொம்பியூட்டரை அடிச்சு மூடினாய். "ஊர் போச்சு, வீடு போச்சு, ஒரே படம்தான் அம்மா. கரையில நாலு பொம்மை கூடுதலா நிக்குது, அவ்வளவுதான் வித்தியாசம்" எண்டாய்.

அவ்வளவுதானோ, மகன்? எனக்கு அந்த நாலு பொம்மைதான்டா எல்லாம். உன்ட அழுகையைப் பார்த்து நான் பயப்படல்ல. அழுற பிள்ளை நல்ல பிள்ளை. எல்லாம் விளையாடி முடிச்சு, முகத்தைத் துடைச்சிட்டு நீ ஒண்டு சொன்னாய் பார், அதுக்குத்தான் பயந்தன். "எப்பிடி விளையாடினாலும் ஆரோ சாகத்தான் போறாங்க. அப்ப நம்மட ஆக்கள் சாகாமப் பார்க்கிறதுதான் கேம்." குரல்ல கோவம் இல்ல, கவலை இல்ல. கணக்குப் பாடம் சொல்ற வாத்தியார் மாதிரிச் சொன்னாய். அண்டைக்கே உன்ட காதைத் திருகி, அது பிழையான கதை எண்டு சொல்லியிருக்க வேணும். சாப்பிட வா எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வந்துட்டன்.

அது கேம்தானே, போய்த் துலையட்டும் எண்டு விட்டிருப்பன். ஆனா இந்தக் கிழமை தர்ஷினிட வீட்டுக்கு வந்தநேரம் மறுகா அதே பேச்சைக் கேட்டன். உங்கட வட்டையைப் பார்க்கத்தான் வந்தனான். வரம்பும் தெரியல்ல, வாய்க்காலும் தெரியல்ல, கண்ணுக்கெட்டின தூரம் மண்ணிறத் தண்ணி. பயிர் அடியில கிடந்து அழுகுது, மணக்குது. சம்பந்தி குடையும் இல்லாம ரோட்டில நிண்டு பார்த்துக்கொண்டு நிண்டார். என்னைக் கண்டு, "வாங்க மச்சாள்" எண்டு சொல்ல வாய் எடுத்தவர், அழுதிட்டார். அந்த நெல்லுத்தான் உங்கட சோறு, நாளைக்கு என்ட பேரப்பிள்ளைக்கும் அதுதான். மீன்பிடிக்காரன்ட பொஞ்சாதி எண்டு நான் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டன் எண்டு நினைக்காத. முகத்துவாரம் வெட்டத்தான் வேணும், கெதியா வெட்ட வேணும் எண்டு நான் அப்பாவோடயும் சண்டை பிடிச்சிருக்கிறன். ஆனா அண்டைக்கு உங்கட விறாந்தையில பொடியளோட இருந்து நீ சொன்னாய், "ஆருக்கோ நட்டம் வரத்தான் போகுது. அது நம்மட ஆக்களுக்கு வரப்படாது." அதே குரல். என்ட கையில தேத்தண்ணி. அந்த நம்மட ஆக்களுக்குள்ள நாங்களும் இருக்கிறமோ எண்டு கேட்க வாய் வந்தது. சம்பந்திக்கு முன்னால கேட்க ஏலாம விழுங்கிட்டன். இப்ப கேட்கிறன். இருக்கிறமோ?

ஏனெண்டா அந்த மணல்ல ஆர் இருக்கிறாங்க எண்டு உனக்குத் தெரியா. ஆரும் களவா வெட்டாம இருக்க எங்கட மீன்பிடிச் சங்கத்து ஆக்கள் அங்க குடில் கட்டி, முறை வைச்சுக் காவல் இருக்கிறாங்க. இறால் கடலுக்கு ஓடிட்டா இந்தக் கரையில கன வீட்டில அடுப்பு எரியாது, அதையும் நீ மறந்திருக்க மாட்டாய். இண்டைக்கு முறைக்காரருக்குக் காய்ச்சல். மத்தியானம் அவர்ட பொஞ்சாதி வந்து சொன்ன உடன, உன்ட அப்பா சோத்தைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டுட்டார். முழங்கால் வீங்கிக் கிடக்கு, போகாதீங்க எண்டு சொன்னா, "வேற ஆர் போறது?" எண்டார். நனைஞ்சிடும் எண்டு போனையும் மேசையில வைச்சிட்டுப் போயிட்டார். உனக்கு அவர்ட காது தெரியும்தானே. இந்தக் காத்திலயும் கடல் இரைச்சலிலயும் நீ பக்கத்தில நிண்டு கத்தினாலும் கேட்கா. குடிலுக்குள்ள சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். சின்ன வாய்க்கால் மாதிரித்தான் வெட்டத் தொடங்குவியள். இவ்வளவு தண்ணி ஏறி நிக்கிற நேரம் அது வாய்க்காலா நிக்காது. கரை ரெண்டும் இடிஞ்சு இடிஞ்சு விழும், மணலோட குடிலும் போகும்.

அப்பாவை முதல்ல தூக்கி விட்டிட்டு வெட்டுவம் எண்டு இப்ப நினைப்பாய். அப்பா மட்டுமோ? பொழுது படுற நேரம் அங்க கழுத்தளவு தண்ணிக்குள்ள வீச்சுவலையோட நிக்கிற ஆக்கள் ஆரெண்டு உனக்குத் தெரியுமோ? எனக்கும் தெரியா. தோணியை மணலோட கட்டிப்போட்டு உள்ளுக்குள்ள நித்திரை கொள்றவன் இருப்பான். நீ சின்னனில அப்பாட தோள்ல இருந்து முகத்துவாரம் வெட்டுறதைப் பார்த்தனீ. மண்வெட்டி மண்ணில பட முதல் என்ன செய்தாங்க? வயல்காரர்ல ஒருத்தரும் மீன்பிடிக்காரர்ல ஒருத்தரும் சோடியா மணல் நெடுக நடந்து போய், ஒவ்வொரு குடிலா, ஒவ்வொரு தோணியாப் பார்த்து, "வெட்டப் போறம், வெளிக்கிடுங்க" எண்டு கூப்பிட்டுக்கொண்டு போனாங்க. வலையெல்லாம் தூக்கினாங்க. போன சோடி திரும்பி வந்து, ஒருத்தரும் இல்ல எண்டு ரெண்டு பேரும் சொன்ன பிறகுதான் முதல் மண் எடுத்தது. ஒரு பக்கத்து ஆள் மட்டும் சொன்னா ஏற்க மாட்டாங்க. அவங்களும் சண்டைக்காரர்தான், கூட்டத்தில ஒருத்தரை ஒருத்தர் அடிக்கப் போனவங்கதான். அப்பிடியும் நடந்தாங்க. இண்டைக்கு உங்களோட நடக்க எங்கட பக்கத்து ஆள் ஆர் வரப் போறான்? களவாப் போறவனுக்குச் சோடி கிடைக்குமோ?

சங்கத்தில போய்ச் சொல்லியிருக்கலாம் நான். சொன்னா கம்பும் கத்தியுமா எல்லாரும் அங்க ஓடுவாங்க. இருட்டுப்படுற நேரம், மழை, ரெண்டு பக்கமும் இளம் பொடியள். என்ன நடக்கும் எண்டு உனக்கே தெரியும். பொலிசுக்குச் சொன்னா தர்ஷினிட தம்பிமார்தான் முதல்ல உள்ளுக்குப் போவாங்கள். நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. எனக்கு விசயம் தெரியும் எண்டது தர்ஷினிக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். சரியோ பிழையோ, இது நான் எடுத்த முடிவு. ஆருக்கும் ஒண்டு ஆச்சுதெண்டா அது என்ட தலையிலதான்.

வெட்ட வேணாம் எண்டு நான் சொல்லல்ல, மனே. நாளைக்குக் கூட்டத்தில நீ எழும்பிக் கதை. உன்ட மாமா ஏன் ரோட்டில நிண்டு அழுதார் எண்டு எங்கட ஆக்களுக்குச் சொல்லு. நானும் வந்து உன்ட பக்கத்தில நிண்டு சொல்லுவன், அப்பா என்னோட ஒரு மாதம் கதைக்காட்டியும் பரவாயில்ல. ஒரு இரவில அந்தப் பயிர் செத்திடும் எண்டா, செத்த பயிரை நான் உங்களோட நிண்டு பார்ப்பன். ஆனா ஆளைத் திரும்ப முளைக்க வைக்க ஏலா.

இதை அனுப்பிட்டு நான் வெளிக்கிடுறன். கரையால நடந்து போனா பொழுது பட முதல் போயிடுவன். அப்பாட குடிலுக்குப் போக மாட்டன், அவருக்குத் தெரிஞ்சா கம்பைத் தூக்கிக்கொண்டு வந்திடுவார். வாவிப் பக்கம் மணல் மெலிஞ்சு கிடக்கிற இடம் ஒண்டு இருக்கே, வெட்டத் தெரிஞ்ச எவனும் முதல் அடி போடுற இடம், நான் அதில போய் இருக்கப் போறன். கறுப்புச் சீலைதான் உடுத்தியிருக்கிறன், வேற எல்லாம் ஈரம். மழைக்குள்ள கறுப்பு தெரியாது. வாறதெண்டா, தம்பிமாருக்கும் சொல்லி, லைட்டை மறைக்காமப் பிடிச்சுக்கொண்டு வாங்க. ஆர் இருக்கிறது எண்டு குனிஞ்சு பார்த்திட்டு வெட்டு.

அம்மா